மூர்ஸ் என்ற பெயர்: கொழும்பின் கிரிக்கெட் கழகங்களும் ஆங்கிலேயரின் இனப் பட்டியலும்

கொழும்பின் பழைய கிரிக்கெட் கழகங்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அது விளையாட்டுக் கழகங்களின் பட்டியலாகத் தெரியாது, குடிசன மதிப்பு அறிக்கையில் ஒரு பக்கமாகத்தான் தெரியும். 1872 மலாய் கிரிக்கெட் கழகம். 1896 பறங்கியர் பொழுதுபோக்குக் கழகம், அதாவது பி.ஆர்.சி. 1899 சிங்கள விளையாட்டுக் கழகம், எஸ்.எஸ்.சி. அதே 1899இல் தமிழ் யூனியன். 1908 மூர்ஸ் விளையாட்டுக் கழகம். ஓர் இனத்துக்கு ஒரு கழகம், ஒரு கழகத்துக்கு ஒரு மைதானம் என்று பங்கு போட்டு வைத்தது போல இருக்கிறது.

இந்த வரிசையில் இரண்டு பெயர்கள் மட்டும் வேறு மாதிரி. ஒன்று வெள்ளைக்காரரின் கழகம். 1863இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குக் ‘கொழும்பு கிரிக்கெட் கழகம்’ என்றே பெயர். 1960கள் வரை ஐரோப்பியரை மட்டுமே சேர்த்துக்கொண்ட கழகம் அது. ஆனாலும் அதன் பெயரில் இனம் இல்லை. ஆளுகிறவனுக்கு அடையாளச் சீட்டுத் தேவைப்படவில்லை, நகரத்தின் பெயரே அவனுடைய பெயராகிவிட்டது. மற்றது என்.சி.சி. 1888இல் பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த கழகம். அதன் முழுப்பெயர் நொன்டிஸ்கிரிப்ட்ஸ். இன்ன வகையென்று சொல்ல முடியாதவர்கள் என்று பொருள். இனம் பாராமல் சேர்ந்து விளையாடியவர்களை அழைக்க அந்தக் காலத்தில் வேறு சொல் கிடைக்கவில்லைபோலும்.

பம்பலப்பிட்டியில் தமிழ் படிப்பிக்கிற எனக்கு இந்தப் பெயர்களின் வரலாற்றைத் தேடும் தேவை வகுப்பறையில்தான் வந்தது. “சேர், நாங்க ஏன் மூர்ஸ்? மொரோக்கோல இரிந்தா வந்த நாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. ‘மூர்’ என்ற பெயர் எங்கட கைக்கு எப்படி வந்தது, அது மைதானத்துக்குள் எப்படி நுழைந்தது, இன்றும் அது எங்களிடம் என்ன கேட்கிறது என்பதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சொல் வந்த வழி

1505இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்தபோது அவர்களுடைய மனதில் ஒரு பழைய பகை இருந்தது. ஐபீரியத் தீபகற்பத்தின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா 1492இல்தான் வீழ்ந்திருந்தது. அங்கே வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களை அவர்கள் ‘மூரோ’ என்று அழைத்து வந்தார்கள். கடல் கடந்து எங்கே முஸ்லிம்களைக் கண்டாலும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்ஸின் தென்தீவுகளில் கண்ட முஸ்லிம்கள் ‘மோரோ’ ஆனார்கள். இலங்கைக் கரையில் கண்டவர்கள் ‘மூர்’ ஆனார்கள். மின்டனாவோவில் இருப்பவருக்கும் பேருவளையில் இருப்பவருக்கும் மொழியோ பூர்வீகமோ ஒன்றல்ல. இரு சாராருக்கும் பெயர் வைத்தவர்களின் பகை மட்டும் ஒன்று.

தமிழில் எங்களுக்கு இருந்த பெயர் சோனகர். தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றில் ‘சோனகன்’ என்ற அடைமொழியோடு ஒரு கொடையாளர் குறிக்கப்படுகிறார். ஆக, போர்த்துக்கேயர் வருவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் தமிழில் புழங்கியிருக்கிறது. யவனர் என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். மேற்குக் கடல் வழியாக வந்தவர் என்பதே அதன் அடிப்படை. ஆட்கள் வந்த திசையையும் செய்த வணிகத்தையும் சொல்லும் சொல் அது. ‘மூர்’ அப்படியல்ல. ஓர் எதிரியை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர். பின்னால் வந்த அரசாங்கத் தமிழ், ‘மூர்’ என்பதற்கு நேர்ச்சொல்லாகச் ‘சோனகர்’ என்பதை வைத்தபோது இந்த இரண்டு வரலாறுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இன்று எங்கட பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று இருப்பது அந்தக் கலப்பின் விளைவு.

ஆசனத்துக்காக ஓர் இனம்

பெயரைச் சூட்டியவர் போர்த்துக்கேயர். அதற்கு அரசியல் பெறுமதி கொடுத்தவர் ஆங்கிலேயர். 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தபோது உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்களில் ஐரோப்பியர் போக, சிங்களவருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் என்று ஆசனங்கள் வகுக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கு ஆசனம் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தமிழ் அங்கத்தவரே எங்களுக்கும் பேசுவார் என்பது கணக்கு.

1880களில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது தமிழ் அங்கத்தவராக இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1888இல் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறு என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே, 1889இல், முஸ்லிம்களுக்கு ஆசனம் கிடைத்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். ஆனால் இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பு வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய அந்த மறுப்பு நூல், சோனகரின் மூதாதையர் அரேபியர் என்று நிறுவ முயன்றது.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன். இந்த இரண்டு நூல்களுக்கும் இடையில் நிற்கிறபோது எனக்குச் சங்கடம் வருவதுண்டு. தமிழ் என் உம்மாவின் மொழி, என் தொழிலின் மொழி. அதனால் நான் தமிழர் இனத்தவன் ஆகிவிடுவேனா? அரபுக் கப்பலில் ஒரு பாட்டனார் வந்திருக்கலாம் என்பதால் அரேபியன் ஆகிவிடுவேனா? இராமநாதனும் அஸீஸும் எதிரெதிராக வாதாடினாலும் இருவரும் ஒரே நீதிமன்றத்தில்தான் நின்றார்கள். அங்கே விதி ஒன்றுதான்: ‘நீ தனி இனம் என்று நிரூபி, ஆசனம் தருகிறோம்.’ மொழி, தோற்றம், இரத்தம், திருமண வழக்கம் எல்லாம் சாட்சியங்களாயின. எங்கள் பெரியவர்கள் அந்த வழக்கில் வென்றது சமூகத்துக்கு நன்மை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எந்த நீதிமன்றம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அஸீஸின் நூல் வந்த அடுத்த ஆண்டுதான் மூர்ஸ் விளையாட்டுக் கழகம் பிறந்தது. ஒன்றால் மற்றது வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் வளர்ந்த மண் ஒன்று. சபையில் ஆசனம் போல மைதானத்தில் ஓர் அணி. தனி இனமென்று எண்ணப்பட வேண்டுமானால் இரண்டும் வேண்டியிருந்தன.

மைதானமும் வேலியும்

1887 முதல் 1933 வரை கொழும்பில் ஐரோப்பியருக்கும் இலங்கையருக்கும் இடையே வருடாந்தப் போட்டி நடந்தது. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் சமமாக எதிரெதிரே நின்ற சில இடங்களில் அதுவும் ஒன்று. அதே நேரத்தில் ஆளப்பட்டவர்கள் தங்களுக்குள் கழகம் கழகமாகப் பிரிந்து நின்றார்கள். விளையாட்டு ஆட்களை ஒரே மைதானத்துக்குக் கொண்டு வந்தது. அந்த மைதானத்துக்கு எந்த வாசல் வழியாக வருவது என்பதை இனம் தீர்மானித்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. கொம்பனித்தெருவில் மலாய் மக்களின் மைதானத்துக்குப் ‘படாங்’ என்று பெயர், மலாய் மொழியில் வெளி என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலான தீவுகளிலிருந்து நாடுகடத்தப்பட்டும் படைவீரர்களாகவும் வந்தவர்களின் சந்ததி அவர்கள். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படைப்பிரிவில் சேவை செய்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கிய கிரிக்கெட் கழகம் மட்டும் நிலைத்தது. சிங்கப்பூரிலும் ஒரு படாங் உண்டு. அதன் ஒரு முனையில் ஐரோப்பியருக்காக 1852இல் தொடங்கிய கழகம், மறுமுனையில் யூரேசியருக்காக 1883இல் தொடங்கிய கழகம். ஒரே புல்வெளி, இரண்டு முனை.

பம்பாயில் இன்னும் வெளிப்படை. அங்கே ஐரோப்பியர், பார்ஸிகள், இந்துக்கள் ஆகியோரின் அணிகளோடு 1912இல் முஸ்லிம் அணியும் சேர, நாற்கோணப் போட்டி நடந்தது. 1937இல் அது ஐங்கோணமானது. மத அடிப்படையில் அணி பிரிப்பதைக் காந்தி 1940இல் கண்டித்தார். 1946இல் அந்தப் போட்டியே நின்றுபோனது. மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டில் தோலின் நிறத்துக்கு நிறம் தனிக் கழகம் இருந்ததை சி.எல்.ஆர். ஜேம்ஸ் தம் 1963ஆம் ஆண்டு நூலில் விளக்கியிருக்கிறார். வெள்ளையருக்கு ஒன்று, மாநிறத்து நடுத்தர வகுப்புக்கு ஒன்று, கறுத்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஆடுவதற்கு ஒன்று. மேற்கிந்திய அணிக்கு ஒரு முழுத் தொடருக்கும் ஒரு கறுப்பினத்தவர் தலைவராக 1960 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிராங்க் வொரல்தான் அவர். அதற்காக ஜேம்ஸ் பத்திரிகையில் போராடினார்.

பம்பாயில் போட்டி நின்றது. கொழும்பில் கழகங்கள் நிற்கவில்லை, கதவுகள்தாம் மெல்லத் திறந்தன. இன்று மூர்ஸ் அணியிலோ தமிழ் யூனியன் அணியிலோ எந்த இனத்தவரும் ஆடலாம், ஆடுகிறார்கள். 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி தொடங்கியது தமிழ் யூனியனின் சொந்த மைதானமான பி. சரவணமுத்து அரங்கில். பெயர் ஓர் இனத்துக்கு, களம் எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது. இது சின்ன மாற்றமில்லை.

தும்முல்ல சந்தியிலிருந்து மெல்பேர்னுக்கு

பட்டியலின் விளைவு மைதானத்தோடு நின்றுவிடவில்லை. யார் நாட்டை விட்டுப் போகலாம், யார் நாட்டில் இருக்கலாம் என்பதையும் அது முடிவு செய்தது.

பம்பலப்பிட்டியின் தும்முல்ல சந்தியில், ரீட் அவென்யூவில், ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. அந்தச் சங்கமும் மூர்ஸ் கழகம் போல 1908இல் தொடங்கியதுதான். தன் சஞ்சிகையில் பறங்கிக் குடும்பங்களின் வம்சாவளிகளை அது தொடர்ந்து பதிப்பித்தது. யார் யாருடைய மகன், எந்த ஒல்லாந்தர் எந்தக் கப்பலில் வந்தார் என்ற விபரம். தொடக்கத்தில் அது குடும்பப் பெருமை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் அதுவே பயண ஆவணமும் ஆனது. ஆங்கிலத்தில் வாழ்ந்த பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே 1901 முதல் வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை நடப்பில் இருந்தது. கலப்பினத்தவர் உள்ளே வரவேண்டுமானால் 75 வீதத்துக்குக் குறையாத ஐரோப்பிய வம்சாவளி காட்ட வேண்டும், பார்வைக்கும் ஐரோப்பியராகத் தெரிய வேண்டும். ஒரே உம்மா வாப்பாவின் பிள்ளைகளில் ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை என்பது எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதானே. இங்கே அது ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானித்தது.

இந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்தவர் ஒரு பறங்கியர். 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட். அவரும் பிற்காலத்தில் வெளிநாட்டில் வாழ்ந்து 1998இல் இங்கிலாந்தில் காலமானார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு, 2000இல் சுசந்திகா ஜயசிங்க வெல்லும் வரை, நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. போனவர்களோடு என்ன போனது என்று நாம் கணக்குப் பார்த்ததில்லை.

1962இல் கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்குப் போன பிள்ளைகளில் 8 வயதான டேவ் வட்மோரும் ஒருவர். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை இன்னும் நடப்பில் இருந்த காலம். வளர்ந்து, 1979 முதல் அவுஸ்திரேலியாவுக்காக 7 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். பிறகு இலங்கை அணியின் பயிற்றுநராகத் திரும்பி வந்தார்.

மலைநாட்டுப் பிள்ளை

அதே அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். அவருடைய பாட்டனார் 1920 அளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அப்படி வந்த மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர், சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள்.

எங்கட வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சட்டம் தோட்டத் தமிழரை மட்டும் தொடவில்லை. 1911 குடிசன மதிப்பிலேயே ஆங்கிலேயர் எங்களை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்து புறக்கோட்டையில் கடை வைத்தவர்கள், நாங்கள் சம்மான்காரர் என்று சொல்கிறவர்கள், இந்தியச் சோனகர் ஆனார்கள். ஒரே பள்ளியில் ஒரே சப்பில் நின்று தொழுதவர்கள் இரண்டு நிரல்களில் எழுதப்பட்டார்கள். 1948இல் அந்த நிரல் குடியுரிமைப் பிரச்சினையாக வந்து நின்றது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டு அலைந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். தோட்ட மக்களின் துயரத்தை வேறு யாருடையதோ என்று நாம் படிப்பிப்பது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்தை எறிபந்து என்று 7 தடவை அறிவித்தார். அன்று இலங்கையின் ஓய்வறையில் இருந்த பயிற்றுநர் அதே நகரத்தில் வளர்ந்த வட்மோர். பட்டியலின் ஒரு நிரலிலிருந்து வெளியேறிய சமூகத்தின் பிள்ளை ஒருவர், இன்னொரு நிரலில் வெளியேற்றப்பட்ட சமூகத்தின் பிள்ளை மற்றவர். மூன்று மாதம் கழியுமுன், 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில், அர்ஜுன ரணதுங்கவின் அணி அதே அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. தமிழ் யூனியனுக்கு ஆடிய முரளி 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார்.

யாருக்குக் கைதட்டுகிறாய்?

1990இல் இங்கிலாந்தின் பழைமைவாதக் கட்சி அரசியல்வாதி நோர்மன் டெபிட் ஒரு சோதனையைச் சொன்னார். ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், விசுவாசம் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். எங்களுக்கு அந்தச் சோதனையைக் கற்றுக்கொடுக்க டெபிட் தேவையில்லை. இலங்கை, பாகிஸ்தானோடு ஆடும் நாளில் “நீங்க எந்தப் பக்கம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்கப்படாத முஸ்லிம் பிள்ளை கொழும்பில் அரிது. கேட்கிறவர் பகிடியாகத்தான் கேட்கிறார். பதில் சொல்கிற பிள்ளைக்கு அது பகிடியாக இருப்பதில்லை.

இந்தச் சோதனையை வட்மோருக்கு வைத்துப் பாருங்கள். கொழும்பில் பிறந்தார், அவுஸ்திரேலியாவுக்கு ஆடினார், உலகக் கிண்ண இறுதியில் அவுஸ்திரேலியாவைத் தோற்கடிக்க இலங்கைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் எந்தப் பக்கம்? 2002இல் இலங்கைக்கு டெஸ்ட் ஆடிய நவீத் நவாஸ் 2020இல் வங்காளதேசத்தின் 19 வயதுக்குட்பட்ட அணியை உலகச் சம்பியனாக்கினார். அவர் எந்தப் பக்கம்? இந்தச் சோதனையால் இவர்களை அளக்க முடியாது. தொழிலும் பிறப்பும் அன்பும் ஒருவருக்குள் பல திசையில் ஓடலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை.

அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் கிரிக்கெட் பார்க்கிற ஒரு சிங்களப் பிள்ளை, வாசிம் அக்ரமின் பந்துவீச்சை ரசித்தால் அது ரசனை. முஸ்லிம் பிள்ளை ரசித்தால் அது சந்தேகம். பட்டியலில் பெயர் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது, பதில் பிறகுதான் வாசிக்கப்படுகிறது. பாகிஸ்தானில் பிறந்து 2011இல் அவுஸ்திரேலியாவுக்கு ஆடிய முதலாவது முஸ்லிம் டெஸ்ட் வீரரான உஸ்மான் கவாஜா, 2023 டிசம்பரில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக ஆடினார். அப்போது காஸா மக்களுக்காகக் கறுப்புப் பட்டி அணிந்ததற்கு சர்வதேச கிரிக்கெட் பேரவை அவரைக் கண்டித்தது. ஒரு காலத்தில் தோலைப் பார்த்து மூடிய கதவு திறந்துவிட்டது. உள்ளே வந்தவர் என்ன பேசலாம் என்பதற்கான நிபந்தனைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

மூர்ஸ் கழகத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயரின் கீழ் எங்கட மூத்தவர்கள் காசு சேர்த்தார்கள், புல் வளர்த்தார்கள், மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு சொல் பகையில் பிறந்தாலும் வாழ்ந்தவர்களின் உழைப்பால் வேறு பொருள் பெறலாம். எனக்குள்ள கவலை வேறு. ‘மூர்’ என்பது இறைவன் படைத்த நிரந்தர வகை என்று எங்கட பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. அது 1505இல் சூட்டி, 1833க்குப் பின் பெறுமதி பெற்று, 1911இல் பிளவுபட்டு, 1948இல் வலித்த ஒரு பெயர். மனிதர் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு என்பது ஸூரத்துல் ஹுஜுராத் எமக்குக் கற்பிக்கும் பாடம். காலனிய ஆட்சியின் பட்டியல் மனிதரை எண்ணியது, பிரித்தது. அறிந்துகொள்ளும் வேலையை அது எங்களிடமே விட்டுவிட்டது.

இந்த வேலையில் ஆசிரியர்களால் செய்யக்கூடியது உண்டு. வரலாற்றுப் பாடத்தில் சட்டநிரூபண சபையைப் படிப்பிக்கிற அன்றே கழகங்களின் பெயர்களையும் பலகையில் எழுதலாம். பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படிப்பிக்கும்போது தோட்ட மக்களோடு சம்மான்காரக் குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லலாம். வாசகர்களாலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழைய கழகப் படங்கள், ஓட்டப் பதிவுப் புத்தகங்கள், கூட்டக் குறிப்புகள், நாடற்றவர் மனுக்களின் பிரதிகள் எங்கட வீட்டு அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலில் வீசப்படுவதும் அவைதாம். வீசுமுன் ஒரு பிரதி எடுத்து, படத்தின் பின்புறத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். பறங்கியர் சங்கம் தன் குடும்பங்களை எழுதிவைத்ததால்தான் அவர்களுடைய கதையை இன்று என்னால் ஓரளவு சொல்ல முடிந்தது. எங்கட கதையை அப்படிச் சொல்ல இன்னும் போதிய தாள்கள் சேரவில்லை.